புகார் எதுவும் இல்லை

இந்த நாட்டில் டாக்டரைப் பார்க்கப் போனால், காத்திருக்கும் அறைக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் சேர்த்து ஒரு காலை வணக்கம் சொல்கிறார்கள். குட்டன் மோர்கன். உட்கார்ந்திருப்பவர்கள் கையிலிருக்கும் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே பதிலுக்கு முணுமுணுக்கிறார்கள். முறை வந்து எழுந்து போகும்போதும் பொதுவாக ஒரு தரம் விடைபெற்றுக்கொள்கிறார்கள். அதோடு சரி. என்ன உடம்புக்கு, எத்தனை நாளாக, யார் கூட வந்திருக்கிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. மதுரையில் இது தலைகீழ். உள்ளே வருகிறவர் யாருக்கும் வணக்கம் வைக்கமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, டோக்கன் எத்தனை ஓடுகிறது என்று விசாரித்துவிட்டு, உட்கார்ந்த கையோடு பக்கத்து ஆளைப் பார்த்து "ஒடம்புக்கு என்ன?" என்பார். வந்த புதிதில் எனக்கு இந்த ஊர் வழக்கம் ரொம்பவும் பிடித்துப்போயிருந்தது. என்ன ஒரு மரியாதை, என்ன ஒரு நாகரிகம் என்று அம்மாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். அம்மா, "அப்ப பொழுது எப்பிடிப் போகும்?" என்று கேட்டாள்.

என் பெயர் தேன்மொழி. இங்கே யாரும் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருப்பதால் நான் ஃப்ராவ் பாண்டி. ஃப்ராவ் என்றால் திருமதி. இறந்துபோன என் அப்பாவின் பெயருக்கு முன்னால் திருமதி போட்டு, கல்யாணம் ஆகாத என்னைக் கூப்பிடுகிறார்கள். ஷ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், கார்களின் பிரேக் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை எனக்கு. அப்பா, அம்மா இரண்டு பேருடைய ஆட்களும் உசிலம்பட்டிப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலிக்கு நின்றவர்கள். அப்பா லாரி ஓட்டப் போனார். நான் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்தார். அம்மா பாக்கியம் பத்தாவது பாஸ் செய்திருந்ததால் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. அந்த வேலையை வைத்துக்கொண்டுதான் என்னையும் தம்பி கார்த்தியையும் படிக்கவைத்தாள். நான் வெளிநாடு வந்த பிறகு பசுமலையில் சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடிவந்தோம். வந்தோம் என்று சொல்வது பழக்கத்தில் வருகிறது. அந்த வீட்டில் நான் விருந்தாளி போலத்தான் தங்கியிருக்கிறேன்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் இருக்கும் கட்டடத்தில் வாசல் பனியை அள்ளித் தள்ளுவது வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை. அந்த வாரம் என் முறை. கொட்டிக் கிடந்த பனியைச் சிராய்த்துத் தள்ளியதில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் வந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தோளிலிருந்து கீழே இறங்கிய விரல் இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குச் சற்று முன்னால், எதிலோ தட்டி நின்றது. புளியங்கொட்டை அளவு இருக்கும். தோலுக்கு அடியில் வழுக்கி ஓடியது. விட்டால் பழைய இடத்துக்கே வந்து நின்றது. தைலக் கையோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அந்த வயதில் நம் ஊரில் பெண்ணுக்கு என்னென்ன கவலை இருக்கவேண்டும் என்று ஒரு வரிசை உண்டு. அதில் இது கிடையாது. இது வயதானவர்களுக்கு வருவது, குழந்தைக்குப் பால் கொடுக்காதவர்களுக்கு வருவது, யாருக்கோ வருவது என்றுதான் நினைத்திருந்தேன். சூடான நீரில் குளித்தேன். மறுபடி தொட்டுப் பார்த்தேன். போகவில்லை. அன்றைக்கெல்லாம் வேறு வேலை எதுவும் ஓடவில்லை. கை அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் பெண்கள் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். இங்கே டெர்மீன் இல்லாமல் எதுவும் நடக்காது. டெர்மீன் என்றால் முன்கூட்டியே வாங்கும் நேரம். ஜெர்மன் வகுப்பில் உடம்பின் பாகங்களை ஒரு படத்தை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தலை, கை, வயிறு, முழங்கால் எல்லாம் இருந்தது. படத்தில் இருந்த ஆளுக்கு மார்பு இல்லை. அகராதியைப் பார்த்து மார்புக்கு ஒரு சொல்லும் கட்டிக்கு ஒரு சொல்லும் காகிதத் துண்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன். ஆனால் அதைச் சொல்லும் இடத்துக்கு நான் போகவே இல்லை. எடுத்த பெண் படபடவென்று பேசினாள். பேச்சுக்கு நடுவில், "உங்களுக்கு பெஷ்வேர்டன் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டாள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். அலுவலகத்தில் வாடிக்கையாளர் அனுப்பும் புகார் கடிதங்களின் தலைப்பில் தினமும் பார்க்கிற சொல். புகார். எங்கள் கிளினிக்கைப் பற்றி உங்களுக்கு ஏதாவது புகார் உண்டா என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் அங்கே போகவே இல்லையே, எப்படிப் புகார் இருக்கும்? "இல்லை, இல்லை, புகார் எதுவும் இல்லை" என்று பணிவாகச் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். சும்மா வருடாந்திரப் பரிசோதனைக்கு வருகிறவள் என்று குறித்துக்கொண்டாள். தையில் கேட்டவளுக்குச் சித்திரையில் டெர்மீன் கொடுத்தாள். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். உடம்பில் இருக்கும் தொந்தரவுக்கும் அதே சொல்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சித்திரை வரை எப்படிப் பொறுப்பது? நல்லவேளை, மாசியில் கார்த்தியின் கல்யாணம் இருந்தது. கார்த்தி ஒரு தனியார் வங்கியில் வேலை பார்க்கிறான். பெண் நிவேதா, வாடிப்பட்டி. எங்கள் ஆட்கள்தான், ஆனால் ஒரு தலைமுறை முன்னாலேயே நிலம் வாங்கி, கடை வைத்து, மேலே ஏறிவிட்டவர்கள். எங்கள் வீட்டுக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்ததையே அம்மா பெரிய விஷயமாக நினைத்தாள். "அக்கா இருக்கையில தம்பிக்கு எப்பிடின்னு கேக்காம குடுக்குறாக. நல்ல மனுசங்க" என்று போன வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் விடுப்பை இரண்டு வாரம் முன்னுக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினேன். கல்யாண வேலைக்கு உதவியாக இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

வீடு புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வாசத்தோடு இருந்தது. அம்மா இளைத்திருந்தாள். கல்யாண அலைச்சல் என்றாள். வந்த மறுநாள் கார்த்தி பத்திரிகை கொடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன். நெஞ்சில் ஒரு கட்டி மாதிரி இருக்கும்மா. அந்தப் பாகத்துக்கு எங்கள் வீட்டில் நெஞ்சு என்றுதான் பெயர். இதயத்துக்கும் அதே பெயர், சளிக்கும் அதே பெயர். அம்மா அழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் கையைச் சேலையில் துடைத்தாள். என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"எங்க, காட்டு."

பெரியவளான பிறகு அம்மா என் உடம்பை அப்படித் தொட்டதில்லை. மூன்று விரல்களைச் சேர்த்து, நுனியால் குத்தாமல் பட்டையாக வைத்து, வட்டம் போட்டுத் தடவினாள். கட்டி தட்டுப்பட்டதும் நிறுத்தினாள். இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஒரு தள்ளு. பிறகு அக்குளுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"நகருது" என்றாள். "வலிக்குதா?"

"அமுக்குனா லேசா வலிக்குது."

"ஒண்ணுமிருக்காது. இது அது இல்ல."

"ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"எங்க சத்துணவுக்காரவுகளுக்கெல்லாம் ஒரு தடவ உசிலம்பட்டில கேம்ப்பு போட்டாக. நர்சம்மா துணியில பொம்ம செஞ்சு கொண்டாந்து காமிச்சாக. நான்தான் மத்த பொம்பளைகளுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன்." அப்புறம் ஜாக்கெட்டின் கொக்கியை அவளே மாட்டிவிட்டாள். "கல்யாணம் முடியட்டும். பெறகு ஆஸ்பத்திரிக்குப் போவோம். வாடிப்பட்டிக்காரவுக காதுக்குப் போச்சுன்னா என்ன ஆகும்னு ஒனக்கே தெரியும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இத்தனை தூரம் பறந்து வந்தது கல்யாணம் முடியக் காத்திருக்கவா? நீ வராவிட்டால் நான் தனியாகப் போகிறேன் என்றேன். கல்யாணம் ஆகாத பெண் தனியாக அந்த ஸ்கேனுக்குப் போய் நிற்பதை அம்மாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கிளம்பினாள். பட்டுச்சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கப் போகிறோம் என்று கார்த்தியிடம் சொல்லிவிட்டு, சேலைகளை ஒரு கட்டைப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள். மதுரையில் அந்த ஸ்கேன் சென்டரில் உட்கார இடமில்லை. மேசையிலிருந்த பெண் தலையைத் தூக்கி, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ப்ரெஸ்ட் ஸ்கேன் தேன்மொழி யாரு?" என்றாள். அத்தனை முகமும் திரும்பியது. அம்மா முந்தானையை இழுத்து என் தோள்மீது போர்த்தினாள், அந்தப் பெயரைக் கூப்பிட்டதே என் துணியை உருவினது மாதிரி. பக்கத்திலிருந்த ஒரு பெரியம்மா இரக்கத்தோடு கேட்டார்: "கல்யாணம் ஆயிருச்சா தாயி?" இல்லை என்றதும், நாக்கால் ஒரு சத்தம் எழுப்பினார். அந்தச் சத்தத்துக்கு எழுத்து கிடையாது. நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

டாக்டரம்மா நல்லவர்தான். ஆனால் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பேசியதெல்லாம் அம்மாவிடம். "பாப்பாவுக்கு இன்னும் முடிக்கலையா? நார்க்கட்டி மாதிரிதான் தெரியுது. ஊசி விட்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிருவோம். சந்தேகம் வேணாம்ல?" நான் நாளொன்றுக்கு நூறு பேர் உயிரைக் காக்கிற பிரேக்கைச் சோதிக்கிறவள், அங்கே கட்டிலில் படுத்திருந்த பாப்பா. டாக்டர் எழுதிக்கொண்டே, "குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லங்க" என்றாள் அம்மா. கேள்வி முடியும் முன்பே சொன்னாள்.

ஊசிப் பரிசோதனையின் முடிவு நல்லபடியாக வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். இதைப் படிக்கிற பெண்களுக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும்: நகர்ந்தால் பயமில்லை என்று அம்மாவைப் போல யாரும் தாங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள். ஊசிதான் அதைச் சொன்னது, விரல் சொல்லவில்லை. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வரும் ஆட்டோவில் அம்மா அழுதாள். சேலைப் பையை மடியில் வைத்து, அதன்மேல் முகத்தை வைத்துக்கொண்டு, பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து பசுமலை வரும் வரை அழுதாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினார். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். எனக்காக அழுகிறாள், சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எனக்கு நிறைவாகக்கூட இருந்தது.

கல்யாணத்தன்று காலை. மண்டபத்தில் மணமகன் அறை என்று ஒன்று இருந்தது. பெண்கள் உடுத்திக்கொள்வதற்கு அதன் பின்னால் ஒரு சின்ன அறை. அம்மாவுக்குச் சேலை மடிப்பு எடுத்துவிடலாம் என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைத் துணியை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கட்டில்மேல் இன்னொரு துணி கிடந்தது. அதில் ரத்தமும் நீருமாகக் கறை. நான் கதவைச் சாத்திவிட்டு அவளைத் திருப்பினேன். அவள் தடுக்கவில்லை. வலது மார்பின் தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரத்து உள்வாங்கி இருந்தது. கை வைத்தேன். கல்.

வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. யாரோ கதவைத் தட்டி, "மாப்ள அம்மா எங்கப்பா? தட்டு எடுக்கணும்" என்றார்கள்.

"இந்தா வாரேன்" என்று அம்மா குரல் கொடுத்தாள். பிறகு என்னிடம் மெதுவாக, "இன்னைக்கு மட்டும் வாய மூடிக்க" என்றாள்.

"எப்பருந்தும்மா?"

"போன ஆடியில. மொதல்ல ஒன்னுது அம்புட்டுதான் இருந்துச்சு. ஆனா நகரல." சேலையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "அதான் ஒன்னுது நகருதான்னு பாத்தேன். மடிப்ப எடு."

மடிப்பு எடுத்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை. அம்மா வெளியே போய் எல்லோரையும் கும்பிட்டு வரவேற்றாள், சாப்பிட்டீர்களா என்று இலை இலையாகப் போய்க் கேட்டாள். நிவேதாவின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, ஒத்தையா நின்னு எம்புட்டு நல்லா நடத்திட்டீக" என்றார். கல்யாண வீடியோவில் அது இருக்கிறது. அம்மா வலது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். மற்ற பெண்களுக்கெல்லாம் துணிப் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள். தெரியாமல் விட்டவளாக இருந்தால் எனக்கு இத்தனை கசப்பு இருக்காது. எல்லாம் தெரிந்து, மகனுக்குப் பெண் அமைந்து, நிச்சயமாகி, தாலி ஏறும் வரை நாலு மடிப்புத் துணியை வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் அவளை அப்படி அடைத்துக்கொள்ள வைத்திருந்தது. அதே ஊர்தான் பிற்பாடு, "இம்புட்டு நாள் எப்பிடித் தாங்குனா, என்ன ஒரு தைரியம்" என்று மெச்சியது.

மறுவீடு முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அக்குள் வரை பரவியிருந்தது. பங்குனியில் வலது மார்பை எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றவேண்டும் என்றார்கள். இனி எதையும் மறைக்க முடியாது என்றானதும், வாடிப்பட்டியிலிருந்து பெண் வீட்டார் பழமும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள். நிவேதாவின் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல மதினி."

அம்மா போர்வையை இழுத்து மார்பு வரை மூடிக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. நாளைக்கு எங்க பேத்தின்னு ஒண்ணு பொறந்தா அதுக்கும் இது வருமா வராதான்னு பயம் இருக்கும்ல?"

அந்த அம்மா கெட்டவர் இல்லை. அதனால்தான் அது இன்னும் மோசமாக இருந்தது. அந்த வாரமே நிவேதாவை, மாற்றுச் சூழல் இருந்தால் நல்லது என்று சொல்லி, வாடிப்பட்டிக்குக் கூட்டிப்போனார்கள். கார்த்தி அவர்கள் காரின் கதவை மூடிவிட்டு வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஏங்க்கா, இன்னும் ரெண்டு மாசம் சும்மா இருந்துருக்கக் கூடாதா நீ?"

"யாரு, நானா?"

"நீதான வந்து இம்புட்டையும் கிளப்புன? ஒனக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிப்போச்சு. நீ பிளேன் ஏறிருவ. இங்க நாந்தான பதில் சொல்லணும்?"

அவன் அம்மாவைப் பிடிக்காதவன் இல்லை. ஆபரேஷன் நடந்தபோது தியேட்டர் வாசலில் சாப்பிடாமல் நின்றவன். ஆனால் அம்மாவின் வியாதி அவனுக்கு என்னோடு விமானத்தில் வந்து இறங்கியது மாதிரிதான் பட்டது. நான் வராவிட்டால் அந்தத் துணி இன்னும் எத்தனை மடிப்பு ஆகியிருக்கும் என்று அவனைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். எனக்கென்று ஒரு வரன் பேச்சில் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கம்தான், பையன் கோயம்புத்தூரில் வேலை. அவர்கள் வீட்டிலிருந்து ஆள் சொல்லி அனுப்பினார்கள். அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு அந்தச் சீக்கு இருக்கிறதாம், வேண்டாம் என்று. அந்தப் பையனை எனக்குப் புகைப்படத்தில் மட்டும்தான் தெரியும். அவன் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஸ்கேன் சென்டரில் அம்மா ஏன் கேள்வி முடியும் முன்பே இல்லை என்றாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. தன் வாயால் ஆமாம் என்று சொன்னால், அது என் ரிப்போர்ட்டில் ஏறி, எனக்கு வரப்போகிற மாப்பிள்ளை வரை போய்ச் சேரும் என்று பயந்திருக்கிறாள். டாக்டருக்குப் போகவேண்டிய பதிலை ஊருக்குச் சொல்லியிருக்கிறாள்.

விடுப்பை நீட்டிக்க முடிந்தவரை நீட்டித்தேன். சித்திரையில் திரும்பிவந்தேன். வந்த வாரமே தையில் வாங்கிய டெர்மீன். இந்த ஊர் டாக்டரும் பெண்தான், நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தார். மேலாடையைக் கழற்றச் சொன்னார். மறைக்கத் துணி கொடுக்கவில்லை, திரை இழுக்கவில்லை. மேசைக்கு எதிரே அப்படியே உட்காரவைத்துக் கண்ணைப் பார்த்துப் பேசினார். கூச்சத்தில் குறுகிப்போனேன். அதே சமயம், என் மார்பைப் பற்றி என்னிடமே ஒருவர் பேசுவது அதுதான் முதல் தடவை என்பதும் உறைத்தது. குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று அவரும் கேட்டார். அம்மாவுக்கு என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு இன்னொருவர் மொழி தேவைப்பட்டது. எத்தனை வயதில் என்றார், எந்த வகை என்றார், மரபணுப் பரிசோதனை என்றார். முதலில் அம்மாவின் ரத்தத்தைப் பார்த்தால் தெளிவாக இருக்கும் என்றார். எனக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்று எழுதினார். கட்டியைக் கண்டுபிடித்தது தையில் என்றதும் பேனாவை வைத்துவிட்டு, ஏன் அப்போதே வரவில்லை என்று கேட்டார். போனில் நடந்ததைச் சொன்னேன். பெஷ்வேர்டன் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, புகார் இல்லை என்று நான் சொன்னதை.

அவர் சிரிக்கவில்லை. "ஷாடெ" என்றார். அடடா, பாவம் என்று பொருள். நான் போகும் பேக்கரியில் ரொட்டி தீர்ந்துபோனாலும் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள்.

அம்மாவிடம் ரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். "எதுக்கு?" என்றாள். "இருக்குன்னு வந்தா ஒனக்கும் ஆகாது, கார்த்திக்குப் பொறக்கப்போறதுக்கும் ஆகாது. எனக்கு வந்தது என்னோட போகட்டும்." அது அப்படிப் போகாதும்மா, அதைத் தெரிந்துகொள்ளத்தான் பரிசோதனையே என்றேன். லைன் சரியில்லை, கேட்கவில்லை என்று வைத்துவிட்டாள். லைன் நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு முடி கொட்டியது, நகம் கறுத்தது, வாய் புண்ணானது எல்லாவற்றையும் நான் போனில்தான் பார்த்தேன். பாதி நேரம் கேமராவை முகத்துக்குக் காட்டாமல், ஓடுகிற ஃபேனுக்குக் காட்டிக்கொண்டே பேசுவாள். கார்த்தி வாரக் கடைசியில் வாடிப்பட்டிக்குப் போய்விட்டு வருகிறான். நிவேதா திரும்பி வந்துவிட்டாள் என்று அம்மா ஒருநாள் சொன்னாள்; அடுத்த மாதம் கேட்டபோது வருவாள் என்றாள். எது நிஜம் என்று நான் துருவிக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப் பற்றிக் கேட்கிறார்களாம். பெற்ற தாய் இப்படிக் கிடக்கையில் அங்கே அப்படி என்ன வேலை என்று. இங்கே அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் மேலாளர் ஒரு மின்னஞ்சலில் எனக்கு வலிமை கிடைக்கட்டும் என்று வாழ்த்தியிருந்தார்.

இந்த ஐப்பசியில் எனக்கு அடுத்த ஸ்கேன். பெரிய ஆஸ்பத்திரி, நீளமான வராந்தா, சுவர் ஓரமாக நாற்காலிகள். அன்றைக்கே அம்மாவுக்கும் மதுரையில் மருந்து ஏற்றும் நாள். என் முறைக்கு நேரம் இருந்ததால் வீடியோவில் கூப்பிட்டேன். அதிசயமாக முகத்தைக் காட்டினாள். தலையில் துண்டைக் கட்டியிருந்தாள். கையில் ஊசி ஏறியிருந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

"ரெண்டு இட்லி சாப்பிட்டேன். நீ?"

"ஆச்சு."

"அங்க ஒங்கூட யாரு வந்துருக்கா?"

"ஒரு பிரண்டு வந்துருக்காம்மா. காபி வாங்கப் போயிருக்கா" என்றேன். "ஒனக்கு யாரு?"

"நிவேதா வந்துருக்கா. மருந்து வாங்கக் கீழ போயிருக்கா. இந்தா வந்துருவா."

அவள் போனை யாரிடமோ கொடுத்துப் பிடிக்கச் சொல்லியிருக்கவேண்டும். படம் ஒரு கணம் சாய்ந்தது. அந்தப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டில் தொங்கியது. அம்மாவுக்குப் பக்கத்தில், கூட வந்தவர்கள் உட்காருவதற்கென்று போட்டிருக்கும் நாற்காலி தெரிந்தது. அதில் அம்மாவின் ஒயர்க்கூடையும், சாப்பாட்டுத் தூக்கும், தண்ணீர் பாட்டிலும் இருந்தன. உட்கார வருகிற ஆளுக்காக நகர்த்தி வைக்காமல், நாற்காலி முழுவதும் பரப்பி வைத்திருந்தாள். அம்மா சட்டென்று போனை வாங்கி நிமிர்த்திக்கொண்டாள். நானும் அதேநேரம் என் போனைச் சற்றே சாய்த்துப் பிடித்தேன், பக்கத்து நாற்காலியில் மடித்துப் போட்டிருந்த என் குளிர்கோட்டு அவளுக்குத் தெரிந்துவிடாதபடிக்கு.

"அந்தப் புள்ள வந்துட்டாளா?" என்றாள் அம்மா.

"இந்தா, வாரா" என்றேன்.

கதவைத் திறந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, வராந்தா முழுவதுக்குமாக, "ஃப்ராவ் பாண்டி" என்று கூப்பிட்டாள்.

"அப்பா பேரச் சொல்றாக" என்றாள் அம்மா. "போ, எந்திரி. நிக்க வெக்காத." நான் எழுந்தேன். போனை அணைக்கவில்லை; அவளும் அணைக்கவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகும் வரை, அவள் பக்கத்து ஆஸ்பத்திரியின் சத்தம், யாரோ யாரையோ உடம்புக்கு என்ன என்று விசாரிக்கும் சத்தம், என் கைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.